ரப்பெற் சத்தம் நின்றது, இழுவையும் குறைந்தது: பழைய படகு எஞ்சினின் வால்வு இடைவெளி பற்றி ஒரு வாசகருக்குப் பதில்

முல்லைத்தீவு மாவட்டம் அளம்பிலில் இருந்து ஒரு வாசகர் எழுதிய கடிதத்தின் சாரம் இது:

“எங்களிடம் 28 அடி நீளமான, உள்ளிணைப்பு இயந்திரம் பூட்டிய ஒருநாள் படகு ஒன்று இருக்கிறது. எஞ்சின் நான்கு சிலிண்டர் பேர்கின்ஸ் 4.108. பாவித்த எஞ்சினாக அப்பா வாங்கியது. போன பருவத்தில் மேல் மூடிக்குள் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்கத் தொடங்கியது. முள்ளியவளைப் பக்கம் உழவு இயந்திரம் திருத்துகிற ஒருவர் வந்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியைக் கழற்றி, சத்தம் போகும்வரை ஸ்குறூக்களை இறுக்கிவிட்டுப் போனார். சத்தம் போய்விட்டது. ஆனால் இப்போது காலையில் ஸ்ரார்ட் எடுப்பது பெரும்பாடாக இருக்கிறது. பத்து நிமிடம்வரை வெள்ளைப் புகை வருகிறது. வலை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது முந்திய இழுவை இல்லை. இன்ஜெக்ரர்களை (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் பாகங்களை) கழற்றிச் சோதித்தோம், டீசல் ஃபில்ரரை மாற்றினோம், பலன் இல்லை. ரப்பெற் வைப்பது (வால்வு இடைவெளியைச் சரிசெய்வது) எஞ்சின் சூடாக இருக்கும்போதா, ஆறிய பிறகா? உழவு இயந்திரத்துக்கு வைக்கிற அளவே படகுக்கும் பொருந்துமா? இதை நானே செய்யலாமா?”

அன்பின் தம்பிக்கு,

உங்கள் எஞ்சினில் குறைந்தது ஒரு வால்வாவது, பெரும்பாலும் ஒரு எக்ஸோஸ்ற் (புகை வெளியேறும்) வால்வு, முழுமையாக மூடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே என் எண்ணம். இடைவெளிகளை அளந்து ஒழுங்காக வைக்கும்வரை படகைக் கடலுக்கு இறக்க வேண்டாம். பழுது இன்னும் ஸ்குறூவோடு நிற்கிறதா, அல்லது வால்வின் விளிம்புவரை போய்விட்டதா என்பது கடிதத்திலிருந்து தெரியவில்லை; முதலாவதாக இருந்தால் அரை நாள் வேலை, இரண்டாவதாக இருந்தால் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலிருந்து மூடி வால்வுகளைத் தாங்கும் பாகத்தை, கழற்ற வேண்டும். தினமும் ஓட ஓட முதலாவது இரண்டாவதாக மாறிவிடும் என்பதாலேயே இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன். உங்கள் கேள்விகளுக்குச் சுருக்கமான விடை: எஞ்சின் முற்றாக ஆறிய பிறகு வையுங்கள், 4.108க்கு இன்லெற் (வளி உட்புகும் வால்வு), எக்ஸோஸ்ற் இரண்டுக்கும் 0.30 மில்லிமீற்றர், அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 12 பங்கு. பொறுமையும் ஒரு நல்ல ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுதியும்) இருந்தால் நீங்களே செய்யலாம்.

இந்த இடைவெளி எதற்காக விடப்படுகிறது என்பது விளங்கினால் மற்றவை தாமாகவே விளங்கும். கேம் ஷாஃப்ற், அதாவது மேடுகள் உள்ள சுழலும் தண்டு, கீழே நின்று புஷ் றொட் என்ற கம்பியைத் தள்ளுகிறது. புஷ் றொட் மேலே இருக்கும் றொக்கரின் ஒரு நுனியை உயர்த்த, கிணற்றுத் துலாவைப் போல மறு நுனி தாழ்ந்து வால்வை அமுக்கித் திறக்கிறது. கேம் தள்ளாத நேரத்தில் வால்வு தன் ஸ்பிரிங்கின் பலத்தால் இருக்கையில் (ஹெட்டில் அது பொருந்தி மூடும் விளிம்பில்) இறுக உட்கார வேண்டும். உருக்குத் துண்டு ஒன்று 100 மில்லிமீற்றர் நீளமாக இருந்தால், 100 பாகை செல்சியஸ் சூடேறும்போது அண்ணளவாக 0.12 மில்லிமீற்றர் நீள்கிறது. வால்வுத் தண்டு அதைவிடப் பல மடங்கு சூடேறும். எஞ்சின் பிளொக்கும் ஹெட்டும் புஷ் றொட்டும் கூடவே நீள்வதால் அந்த நீட்சியில் ஒரு பகுதி ஈடாகிவிடும், ஆனால் முழுவதும் ஈடாவதில்லை. ஈடாகாமல் மிஞ்சுகிற நீட்சிக்கு இடம் விடுவதற்காகவே, எஞ்சின் ஆறியிருக்கும்போது றொக்கருக்கும் வால்வுத் தண்டின் தலைக்கும் நடுவே ஒரு வெளி வைக்கப்படுகிறது. அந்த வெளி இல்லாவிட்டால் சூடேறிய வால்வு நீண்டு றொக்கரை முட்டிக்கொண்டு நிற்கும், இருக்கையில் அமராது.

இடைவெளி கூடிப்போனால் சத்தம் வரும். வால்வு பிந்தித் திறந்து முந்தி மூடும், திறக்கும் உயரமும் சற்றுக் குறையும், றொக்கரும் தண்டின் தலையும் ஒன்றையொன்று அடித்துத் தேயும். இவை நல்லவை அல்ல, ஆனால் மெதுவாக நடப்பவை, உங்கள் காதுக்குக் கேட்டுக்கொண்டே நடப்பவை. இடைவெளி குறைந்து இல்லாமற்போனால் சத்தமே வராது. எக்ஸோஸ்ற் வால்வு தன் வெப்பத்தின் பெரும் பங்கை, மூடியிருக்கும் நேரத்தில், இருக்கையோடு ஒட்டும் விளிம்பின் வழியாகவே ஹெட்டுக்குக் கொடுத்து ஆறுகிறது. அந்த விளிம்பு ஒட்டாவிட்டால் வால்வு ஆறுவதற்கு வழி இல்லை; அத்தோடு, எரிந்துகொண்டிருக்கும் வாயு மயிரிழை வெளியூடாகப் பீறிப் பாய்ந்து விளிம்பை அரிக்கத் தொடங்கும். கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் வளி அமுங்கும் இறுக்கம், போய்விடும். 4.108இன் கொம்பிரஷன் விகிதம் 22:1. அவ்வளவு இறுக்கி அமுக்கிய வளியின் சூட்டினால்தான் டீசல் தானாகத் தீப்பிடிக்கிறது; ஒரு சிலிண்டரில் அந்த இறுக்கம் குறைந்தால், குளிர்ந்த காலை வேளையில் அங்கு விழும் டீசல் எரியாமல் வெள்ளைப் புகையாகவே வெளியேறும், எஞ்சின் சூடேறிய பிறகு ஓரளவு சரியாகும். நீங்கள் எழுதிய அடையாளங்கள் மூன்றும் இதனோடு அப்படியே பொருந்துகின்றன. ஆகவே சத்தம் நிற்கும்வரை இறுக்குவது என்பது, கேட்கக்கூடிய சிறு பழுதைக் கேட்கமுடியாத பெரும் பழுதாக மாற்றிக்கொள்வதுதான். பழைய டீசல் எஞ்சினில் மெல்லிய, ஒழுங்கான ரப்பெற் சத்தம் இருக்க வேண்டியது. அது இருப்பதையிட்டு நீங்கள் கவலைப்படத் தேவையில்லை.

சூட்டில் வைப்பதா, ஆறிய பிறகு வைப்பதா என்பதில் மெக்கானிக்மார் பிரிந்து நிற்பதற்குக் காரணம் உண்டு. சில எஞ்சின்களின் கைநூல்கள் சூட்டு அளவு ஒன்றையும் ஆறிய அளவு ஒன்றையும் தருகின்றன. தரையில் ஓடும் எஞ்சினுக்குச் ‘சூடு’ என்பது எப்போதும் ஏறத்தாழ ஒரே சூடு. படகில் அப்படி இல்லை. கடல்நீரை நேரே எஞ்சினுக்குள் ஓடவிட்டு ஆற்றுகிற அமைப்பில், சூடு 60 பாகைக்கு மேல் போனால் உப்புப் படியத் தொடங்கும் என்பதால், தாழ்ந்த பாகையில் திறக்கும் தெர்மோஸ்ரற் (சூட்டுக்கேற்ப நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் அடைப்பு) பூட்டுவார்கள். நன்னீரைச் சுற்றவிட்டு அதைக் கடல்நீரால் ஆற்றுகிற அமைப்பில் எஞ்சின் 80 பாகை அளவில் ஓடும். நம் கரையோரத்தில் பழைய எஞ்சின்களின் ஆற்றும் அமைப்பு கைமாறிக் கைமாறி எப்படியெல்லாமோ மாற்றப்பட்டிருக்கிறது. தெர்மோஸ்ரற்றையே கழற்றி எறிந்துவிட்டு ஓடுகிற படகுகளும் இருக்கின்றன. இந்த நிலையில் ‘சூடு’ என்று எதைச் சொல்வது? மூடியைத் திறந்த கணத்திலிருந்து எஞ்சின் ஆறிக்கொண்டே போகும், முதலாம் வால்வுக்கு ஒரு சூடு, எட்டாம் வால்வுக்கு வேறொரு சூடு. ஆனால் இரவு முழுவதும் ஓடாமல் நின்ற எஞ்சினின் சூடு எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆறிய அளவு ஒன்றைக் கைநூல் தந்திருக்குமானால் படகுக்காரர் அதையே எடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் ஸ்குறூ திருப்புவதை நான் எந்த எஞ்சினுக்கும் ஏற்றுக்கொள்ளமாட்டேன். ஆடுகின்ற படகில் அது கைவிரலுக்கும் ஆபத்து.

உழவு இயந்திரத்தின் அளவு பொருந்துமா என்று கேட்டீர்கள். உங்கள் விடயத்தில் தற்செயலாகப் பொருந்துகிறது. வன்னி வயல்களில் ஓடும் மாஸி பெர்குசன் 135, 240 ஆகியவற்றில் இருப்பது மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் ஏடி3.152, அதற்கும் ஆறிய அளவு அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கே. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த மெக்கானிக்குக்கு ‘12’ என்பது எல்லா எஞ்சினுக்கும் உரிய எண்ணாகவே மனதில் பதிந்துவிடுகிறது. ஆனால் பக்கத்து வாடியில் யன்மார் ஜீஎம் வரிசை எஞ்சின் ஒன்று இருந்தால் அதற்கு 0.20 மில்லிமீற்றர்தான்; அங்கு 0.30 வைத்தால் வீண் சத்தமும் தேய்வும் வரும். ஆகவே எஞ்சினின் பக்கத்தில் ஆணியடித்திருக்கும் தகட்டில் வகையையும் இலக்கத்தையும் பார்த்து, அதற்குரிய கைநூலின் அளவை எடுப்பதே முறை. உழவு இயந்திரக்காரரை நான் குறை சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் கரையில் பெரும்பாலான படகுகள் வெளியிணைப்பு இயந்திரத்தில் ஓடுகின்றன. அவற்றில் மிகுதியானவை இரண்டடிப்பு எஞ்சின்கள், அவற்றில் றொக்கரும் இல்லை, இப்படித் திறந்து மூடும் வால்வுகளும் இல்லை. அதனால் கரையில் எஞ்சின் வேலை பழகிய இளைஞர்களுக்கு ரப்பெற் வைக்கும் சந்தர்ப்பமே வாய்ப்பதில்லை. உள்ளிணைப்பு எஞ்சினைத் தெரிந்தவரைத் தேடினால் கடைசியில் வயற்பக்கத்து மெக்கானிக்கிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அவரிடம் கைத்திறன் இருக்கிறது. உங்களிடம் அளவு இருந்தால் இருவருமாகச் சேர்ந்தே செய்யலாம்.

வேலையைத் தொடங்குமுன் பற்றறியின் ஒரு முனையைக் கழற்றிவிடுங்கள். எஞ்சினைக் கையால் சுழற்றும்போது தவறுதலாக யாராவது ஸ்ரார்ட்டரைத் தட்டிவிடக் கூடாது. ஸ்ரொப் கம்பியை இழுத்துக் கட்டுங்கள், கியரை நியூற்றலில் வையுங்கள். ஹெட் போல்ற்றுகளின் இறுக்கத்தை, அண்மையில் காஸ்கெற் மாற்றியிருந்தால், டோர்க் ரெஞ்சினால் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பனரால்) முதலில் சரிபாருங்கள். ஹெட் இறுகித் தாழும்போது றொக்கரின் அச்சும் அதனுடன் தாழ்ந்து புஷ் றொட்டை நெருங்கும், இடைவெளி குறையும். ஆகவே ரப்பெற் வைத்தபின் ஹெட்டை இறுக்கினால் வைத்த அளவு வீணாகும். மேல் மூடியைச் சுற்றி இருக்கும் உப்பும் அழுக்கும் உள்ளே விழாதபடி துடைத்த பிறகே அதைக் கழற்றுங்கள்.

ஃபீலர் கேஜ் வாங்கும்போது மில்லிமீற்றரும் அங்குலமும் இரண்டும் பொறித்ததாக வாங்குங்கள்; கிளிநொச்சி, வவுனியா உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும். கடற்காற்றில் அதன் தகடுகள் விரைவில் துருப்பிடிக்கும், துருவின் தடிப்பு அளவைக் கெடுக்கும். எண்ணெய் பூசித் துணியில் சுற்றி வையுங்கள். முகச்சவர பிளேட் மூன்றை அடுக்கி அளப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பிளேட் ஏறத்தாழ 0.10 மில்லிமீற்றர் என்பதால் கணக்கு அபத்தமானது அல்ல, நடுக்கடலில் வேறு வழி இல்லாதபோது அது உதவும். கரையில் நின்றுகொண்டு அப்படிச் செய்வதற்கு நியாயம் இல்லை.

இனி முக்கியமான இடம். எந்த ஸ்குறூவையும் தொடுமுன், இப்போது இருக்கிற இடைவெளியை எட்டு வால்விலும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிற வேலை இது; ஆனால் பழுதின் கதை முழுவதும் அந்தத் தாளில்தான் இருக்கும். எட்டும் 0.10, 0.15 என்று ஒரே சீராக இறுகியிருந்தால் போன முறை இறுக்கியது மட்டுமே காரணம். ஒரு வால்வில் மட்டும் மெல்லிய தகடும் நுழையாமல், புஷ் றொட்டைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் உருட்டினால் உருளாமல் நின்றால், அதுவே கொம்பிரஷனைத் தின்னும் வால்வு. நேர்மாறாக, ஒரு எக்ஸோஸ்ற் வால்வில் மட்டும் இடைவெளி ஒரு மில்லிமீற்றரைத் தாண்டி விரிந்து கிடந்தால் அதைச் சாதாரணத் தேய்வு என்று எண்ணி ஸ்குறூவை இறக்கிவிடாதீர்கள். படகில் கடல்நீர் கலந்து வெளியேறும் புகைக்குழாய் இருக்குமானால், அந்த ஈரம் திரும்பி ஏறி வால்வுத் தண்டைத் துருப்பிடிக்கச் செய்து, வால்வைப் பாதி திறந்தபடியே இறுக்கிப் பிடித்துவிடுவது உண்டு. அப்போது வால்வு தாழ்ந்து நிற்பதால் றொக்கருக்கு அடியில் பெரிய வெளி தெரியும். அதை ஸ்குறூவால் நிரப்பினால் வால்வு இன்னும் கீழே தள்ளப்பட்டுப் பிஸ்டனில் மோதும். டீசல் எஞ்சினில் இரண்டுக்கும் நடுவே மிஞ்சும் இடம் மிகச் சொற்பம். ஸ்பிரிங்கின் உயரத்தைப் பக்கத்து வால்வின் ஸ்பிரிங்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சிக்கிய வால்வை உடனே கண்டுபிடிக்கலாம்.

எஞ்சினை எப்போதும் அது ஓடுகிற திசையிலேயே, முன் புலியின் (பெல்ற் ஓடும் சில்லின்) நட்டில் நீண்ட ஸ்பனர் போட்டு, மெதுவாகச் சுழற்றுங்கள். எதிர்த்திசையில் திருப்பினால் புலியின் நட் இளகக்கூடும். கடல்நீர்ப் பம்பின் இறப்பர் இறக்கைகளும் எதிர்ப்பக்கம் மடிந்து முறியக்கூடும். சுழற்றும்போது கையின் உணர்வைக் கவனியுங்கள். இரண்டு முழுச் சுற்றுக்குள் நான்கு இடங்களில் பாரமான எதிர்ப்பு வர வேண்டும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்று. மூன்று இடத்தில் பாரமும் ஓரிடத்தில் வழுவழுவென்றும் வந்தால், எந்தக் கருவியும் இல்லாமலே நோய் பிடித்த சிலிண்டர் உங்கள் கைக்குத் தெரிந்துவிட்டது.

இடைவெளி வைக்க வேண்டிய வால்வு முழுமையாக மூடியிருக்க வேண்டும், கேமின் மேடு அதன் பக்கமே வரக் கூடாது. பேர்கின்ஸில் சிலிண்டர்களை முன்புறத்திலிருந்து, அதாவது புலி இருக்கும் பக்கத்திலிருந்து, ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும்; பிளைவீல் (பின்புறத்துப் பாரச் சில்லு) பக்கத்திலிருந்து எண்ணுகிற நிறுவனங்களும் உண்டு என்பதால் வேறு எஞ்சினில் இதைக் கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள். 4.108 எரியும் ஒழுங்கு 1, 3, 4, 2. நான்காம் சிலிண்டரின் இரு வால்வுகளையும் பார்த்தபடி எஞ்சினைச் சுழற்றுங்கள். எக்ஸோஸ்ற் வால்வு மூடி முடியும் தறுவாயில் இன்லெற் வால்வு திறக்கத் தொடங்கும்; இரண்டு றொக்கர்களும் எதிரெதிராக அசையும் அந்த இடத்தில் நிறுத்துங்கள். அப்போது முதலாம் சிலிண்டர் எரியும் உச்சத்தில் நிற்கும், அதன் இரு வால்வுகளும் நன்றாக மூடியிருக்கும். அவை இரண்டையும் வையுங்கள். அரைச் சுற்றுக்குப் பிறகு இரண்டாம் சிலிண்டரின் வால்வுகள் அவ்வாறு அசையும், அப்போது மூன்றாவதை வையுங்கள். அடுத்த அரைச் சுற்றில் முதலாவது அசைய நான்காவதையும், அதற்கடுத்த அரைச் சுற்றில் மூன்றாவது அசைய இரண்டாவதையும் வையுங்கள். இரண்டு சுற்றில் எட்டும் முடிந்துவிடும். பிளைவீலில் குறி தேட வேண்டியதில்லை. பழைய படகில் அந்தக் குறியைப் பார்க்க எஞ்சின் அறைக்குள் தலைகீழாகத் தொங்க வேண்டியிருக்கும்.

‘ஒன்பதின் கணக்கு’ ஒன்றும் மெக்கானிக்மாரிடையே புழங்குகிறது: முதலாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது எட்டாம் வால்வையும், இரண்டாம் வால்வு திறந்திருக்கும்போது ஏழாம் வால்வையும், இப்படிக் கூட்டுத்தொகை ஒன்பது வரும்படி வைப்பது. முன் பாதியின் வால்வு வரிசை பின் பாதியில் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பி வருகிற ஹெட்டில்தான் அது சரிவரும். இன்லெற், எக்ஸோஸ்ற் என்று மாறிமாறி ஒரே ஒழுங்கில் போகிற ஹெட்டில் அந்தக் கணக்கைப் போட்டால், திறக்கத் தயாராகிக்கொண்டிருக்கும் வால்வை மூடியது என்று எண்ணி வைத்துவிடுவீர்கள். எது எந்த வால்வு என்பதை, வளி வரும் குழாயும் புகை போகும் குழாயும் ஹெட்டில் எந்தத் துவாரத்தில் சேர்கின்றன என்று நேரே பார்த்து அறியலாம்.

லொக் நட்டை ஸ்பனரால் இளக்கி, ஸ்குறூவைத் திருப்பி, 0.30 தகட்டை எண்ணெய் தொட்டு நுழையவிடுங்கள். தகடு மெல்லிய பிடிப்போடு இழுபட வேண்டும். வளைந்து சுருண்டால் இறுக்கம், உரசாமல் வழுக்கினால் தளர்வு. கைப்பிடிப்பு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் 0.25 தகடு தாராளமாகப் போகிறதா, 0.35 தகடு போக மறுக்கிறதா என்று இருபக்கமும் பார்ப்பது நல்லது. ஸ்குறூவை அசையாமல் பிடித்தபடி லொக் நட்டை இறுக்குங்கள். எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் நட் இறுகும்போது ஸ்குறூ சிறிது கூடவே திரும்பும், ஆகவே இறுக்கிய பிறகு இன்னொரு தடவை அளக்காமல் அடுத்த வால்வுக்குப் போக வேண்டாம். கைநூலின் அளவிலிருந்து சற்று விலக நேர்ந்தால் அது தளர்வின் பக்கமாகவே விலகட்டும்.

அளவு சரியாக இருந்தும் ஒரு வால்வு மட்டும் சத்தம் போட்டால் அந்த றொக்கரின் நுனியைப் பாருங்கள். நெடுங்காலம் தண்டின் தலையில் அடித்து அடித்து அங்கு ஒரு சிறு குழி விழுந்திருக்கும். ஃபீலர் தகடு அந்தக் குழிக்குள் இறங்காமல் இரு கரைகளிலும் படிந்து நிற்கும், தகடு 0.30 என்று சொல்லும், ஆனால் வால்வுக்கும் றொக்கருக்கும் உண்மையான வெளி குழியின் ஆழத்தாலும் கூடியிருக்கும். அநேகமாக உங்கள் எஞ்சினில் போன பருவத்தில் சத்தம் தொடங்கியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அப்படியானால் செய்ய வேண்டியது றொக்கரை மாற்றுவது, அல்லது தேய்வு சொற்பமானால் லேத் வேலைத்தளத்தில் நுனியைப் பழைய வளைவு கெடாமல் சாணை பிடிப்பிப்பது. ஸ்குறூவை மேலும் இறக்கிச் சத்தத்தை மறைப்பது மருந்தல்ல. றொக்கர் அச்சுக்கு எண்ணெய் ஏறுகிறதா என்பதையும் பாருங்கள்; எண்ணெய்ப் பாதை கசடால் அடைபட்டிருந்தால் புது றொக்கரும் சில மாதங்களில் அதே கதிக்கு வரும்.

மூடியைப் பூட்டும்போது கோர்க் காஸ்கெற் காய்ந்து வெடித்திருந்தால் புதிதாகப் போடுங்கள். சிலிக்கன் பசையைத் தாராளமாக அப்புகிறவர்கள், உள்ளே பிதுங்கிய துண்டு எண்ணெயோடு போய் எங்கு அடைக்கும் என்று யோசிப்பதில்லை. பற்றறியைத் திரும்பப் பூட்டிய பிறகு ஸ்ரார்ட் எடுப்பதில் ஒரு எச்சரிக்கை: கடல்நீர் கலந்த புகைக்குழாய் உள்ள படகில், எஞ்சின் பற்றாமல் ஸ்ரார்ட்டரை நெடுநேரம் சுழற்றினால் பம்ப் தள்ளும் நீர் சைலன்சரில் தேங்கி, வெளியே தள்ளப் புகை இல்லாததால், எக்ஸோஸ்ற் வழியாகச் சிலிண்டருக்குள்ளேயே ஏறிவிடும். உங்கள் எஞ்சின் காலையில் சிரமப்படுகிறது என்றீர்கள். ஆகவே சுழற்றும் நேரத்தில் கடல்நீர் வால்வை மூடிவைத்து, எஞ்சின் பற்றிய கணத்தில் திறந்துவிடுங்கள். மறந்தால் பம்பின் இறப்பர் எரியும் என்பதால் அந்த வேலைக்கு ஒருவரை ஒதுக்கி நிறுத்துங்கள்.

புகை நின்று இழுவை திரும்பினால் தப்பித்தீர்கள். எட்டு வால்வும் 0.30இல் இருந்தும் பழைய குறை தொடர்ந்தால், எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்ரர் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்று இளக்கிப் பாருங்கள். எதை இளக்கும்போது எஞ்சினின் ஓட்டம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. துணியால் சுற்றிக்கொண்டு செய்யுங்கள், கையையும் முகத்தையும் விலக்கியே வையுங்கள். அந்த அழுத்தத்தில் பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிறகு எஞ்சினை நிறுத்தி, அந்தச் சிலிண்டரைக் கையால் கொம்பிரஷனுக்குக் கொண்டுவந்து பிடித்தபடி காது கொடுங்கள். புகைக்குழாயில் ‘உஸ்’ என்று கேட்டால் எக்ஸோஸ்ற் வால்வு, வளி உள்ளே வரும் வாயில் கேட்டால் இன்லெற் வால்வு, எண்ணெய் ஊற்றும் துவாரத்தில் கேட்டால் பிஸ்டன் றிங்குகள். முதலிரண்டில் ஒன்றானால் ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். விளிம்பு சற்றுக் கறுத்து மட்டும் இருந்தால் வால்வு அரைக்கும் பசையிட்டு இருக்கையோடு அரைத்தால் போதும்; விளிம்பில் வெட்டு விழுந்திருந்தால் புது வால்வு போட்டு, இருக்கையையும் வெட்டுவிக்க வேண்டும். அந்த வேலையை வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள லேத் வேலைத்தளத்தில், வால்வின் கோணத்தைக் காட்டிச் செய்வியுங்கள்.

இனிமேல் ஆண்டுக்கொரு தடவை இதைப் பார்த்தால் போதும். உங்கள் கரையில் வாடைக்காற்று எழும்பி, கார்த்திகையிலிருந்து தை, மாசிவரை கடல் கொந்தளித்துப் படகு கரையில் ஏறி நிற்கும் காலமே அதற்குரிய காலம். உதிரிப்பாகம் வரத் தாமதித்தாலும் தொழில் கெடாது. அப்போதும் முதலில் அளந்து எழுதிவிட்டே ஸ்குறூவைத் தொடுங்கள். ஆண்டுக்காண்டு ஒரு வால்வின் இடைவெளி மட்டும் தானாகக் குறைந்துகொண்டு வந்தால், அந்த வால்வு தன் இருக்கைக்குள் தேய்ந்து இறங்குகிறது என்று அர்த்தம். வேகமாகக் குறைந்தால் அடுத்த மாரிக்கு முன்பே ஹெட்டைத் திறக்கத் திட்டமிடலாம். இந்த முறை ஸ்குறூவைத் திருப்புமுன் எழுதுகிற எட்டு அளவுகளையும், எந்தச் சிலிண்டரில் கைக்கு எதிர்ப்புக் குறைந்தது என்பதையும் எனக்கு எழுதி அனுப்பினால், ஹெட் கழற்ற வேண்டுமா என்று திட்டமாகச் சொல்கிறேன்.